இம்பூறல் பூத்த பள்ளம்

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுக்கும் மரைக்காயர். அவர் முதலில் கேட்டது, "செடியைப் பத்திச் சொல்றியா, உன் பெண்டாட்டியைப் பத்திச் சொல்றியா?" என்பதுதான். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நடந்தது நடந்தபடி சொல்கிறேன் என்றேன். சரி என்று எழுத்தாணியை எடுத்துக்கொண்டார்.

எங்கள் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் மணல் திட்டில் இருக்கிறது. தெற்கே போனால் முகத்துவாரம். அதற்கு அந்தாண்டை பழவேற்காடு, ஒல்லாந்தர் கோட்டை, சாயக்காரர் தெரு எல்லாம். அரிசி வாங்கவும் எங்களுக்கு ஒரு படகு வேண்டும்.

வருஷத்தில் பாதி நாள் நான் கட்டுமரத்தில் மீனுக்குப் போவேன். கப்பல் வரும் மாதங்களில் மீனை விட்டுவிட்டுச் சலங்கு தள்ளப் போய்விடுவேன். ஒல்லாந்தர் கப்பல் கரைக்கு வராது. ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கோட்டைக் கிடங்கிலிருந்து துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, அலையை உடைத்து, கப்பல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. சலங்கு ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு. அலை மோதினால் உடையாது, வளைந்துகொடுக்கும். மூட்டையின் ஓரத்தில் உள்ளே இருக்கும் துணி கொஞ்சம் தெரியும். பெரும்பாலும் சிவப்பு. கிழக்கே எங்கோ தீவுகளில் அந்தச் சிவப்புக்கு அப்படி ஒரு கிராக்கி என்று சொல்வார்கள். எத்தனையோ வருஷம் அதைத் தோளில் சுமந்திருக்கிறேன். அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அது என் வீட்டிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. என் பெண்டாட்டி வேர் தோண்டுகிறவள். அவள் பிறந்த ஊர் தோணிரேவு, அங்கேயே சின்ன வயசிலிருந்து வேர் தோண்டினவள். எங்கள் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுமாதமே, அதே குப்பத்தில் ஏற்கெனவே குடித்தனம் செய்துகொண்டிருந்த தன் அக்காவோடு, நுனியில் இரும்பு வைத்த கோலும் கூடையுமாகத் திட்டின் வடக்கே போக ஆரம்பித்துவிட்டாள். சாயக்காரர்கள் அதைச் சாயவேர் என்பார்கள். செடிக்கு எங்கள் பக்கத்துப் பேர் இம்பூறல். இருமி ரத்தம் கக்குகிறவனுக்கு வைத்தியர் கொடுப்பதும் இதைத்தான். இம்பூறல் காலடியில் கிடக்க அதைக் காணாமல் ரத்தம் கக்கிச் செத்தானாம் ஒருத்தன் என்று, பக்கத்தில் இருப்பதைப் பார்க்காதவனைப் பற்றி எங்களில் சொல்வார்கள். அது எனக்காகவே சொன்ன மாதிரி இருக்கும்.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பேர் வைத்தோம். ஆனால் கூப்பிட்டதெல்லாம் பாப்பா என்றுதான். நான் வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மடியில் கிடத்தினால் என் தாடியைப் பிடித்துக்கொள்ளும். விடுவிக்கப் போனால் சிரிக்கும். ஏழாம் மாதத்தில் ஒருநாள் காலையில் உடம்பு சுட்டது. அன்றைக்குக் கப்பல் வந்து நின்றிருந்தது.

"சாயங்காலம் வந்துடுவேன்" என்றேன்.

"சரி, போய்ட்டு வா" என்றாள் அவள். குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டிருந்தாள்.

நாங்கள் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்ததும் காற்று மாறிவிட்டது. கரையில் அலை ஆள் உயரம் எழும்பி விழுந்தது. எந்தச் சலங்கும் திரும்ப முடியவில்லை. மூன்று நாள் கப்பலிலேயே கிடந்தோம். அங்கிருந்து பார்த்தால் எங்கள் குப்பத்துப் பனைகள் தெரியும். நான்காம் நாள் கரையேறினேன். மணலில் அவளுடைய அக்கா மட்டும் நின்றிருந்தாள். தலைமுடியை முடியாமல் நின்றாள். எனக்கு விளங்கிவிட்டது.

ஆம்பளைகள் எல்லாரும் கடலில் மாட்டிக்கொண்டதால் அக்காளும் தங்கையுமாகவே குழந்தையைக் கொண்டுபோய்ப் புதைத்திருந்தார்கள். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் போக வேண்டியிருக்கும். அவளும் சொல்லவில்லை. அதன்பிறகு வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. சோறு வைப்பாள், தின்பேன். "உப்பு போதுமா?" என்பாள். "போதும்" என்பேன். நாள் முழுக்க எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்திருக்கிறேன். அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நான் மேலும் மேலும் கடலிலேயே இருந்தேன்.

மறுவருஷம் கப்பல் மாதத்தில் என் கால் போயிற்று. மூட்டையை மேலே கொடுத்துவிட்டுத் திரும்பும் நேரம் ஓர் அலை சலங்கைத் தூக்கிக் கப்பலின் பக்கத்தில் மோதியது. என் வலது கால் நடுவில் இருந்தது. யார் தப்பும் இல்லை, அலைதான். தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். கட்டுப்போடுகிறவர் முட்டைவெள்ளையும் உளுந்தும் வைத்து மூங்கில் பத்தை கட்டினார். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. முழங்கால் மடங்கவே இல்லை. கட்டுமரத்தில் நிற்க இரண்டு கால் வேண்டும், அதுவும் மடங்குகிற கால் வேண்டும்.

நான்கு மாதம் வீட்டில் கிடந்தேன். அவள் என்னைத் தூக்கி உட்காரவைப்பாள், கழுவிவிடுவாள், காலுக்கு எண்ணெய் தேய்ப்பாள். தேய்க்கும்போது அவள் விரல்களைப் பார்த்தேன். நகத்தைச் சுற்றி மஞ்சளும் செம்மண்ணும் கலந்த மாதிரி ஒரு கறை.

"இன்னாமே இது, கழுவினா போவாதா?"

"வேர்க் கறை. போவாது."

"எப்பலேருந்து கீது?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கல்யாணத்துக்கு முன்னாலேருந்து கீது" என்றாள்.

எனக்குத் தலை குனிந்துவிட்டது. ஐந்து வருஷம் ஒரே தட்டில் சோறு போட்ட கை.

தை மாதம் பிறந்ததும் அவள் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அக்கா அப்போது உடம்பு சரியில்லாமல் தோணிரேவுக்குப் போயிருந்தாள். இவள் தனியாகத்தான் போனாள். நான் வாசலில் கோலை ஊன்றிக்கொண்டு நின்று, "நானும் வரேன்" என்றேன்.

"காலை இழுத்துகினு எங்க வர? வேர் தோண்டற ஆம்பளையைப் பாத்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீயும் சிரி."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் என் நடைக்குத் தகுந்தபடி மெதுவாக நடந்தாள். அதைக் கவனித்தேன்.

திட்டு எனக்குப் பிறந்த இடம். ஆனாலும் கடலைப் பார்த்தபடியே அதில் நடந்தவன் நான். அன்றைக்குத்தான் கீழே பார்த்தேன். கடல் ஓரமாக முதலில் அடம்பங்கொடி. கத்தரிப்பூ நிறத்தில் பூத்து, மணல் மேல் கயிறு போட்ட மாதிரி ஓடும். அதற்கு மேலே ராவணன் மீசை, ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டு, காலில் குத்தும். இந்த இரண்டும் மணலைப் பிடித்து மேடாக்கி வைக்கின்றன. மேட்டைத் தாண்டி ஏரிப் பக்கம் இறங்கினால் காற்று அடங்கிவிடும். அங்கே சின்னச் சின்னப் பள்ளங்கள். மழைத்தண்ணீர் கொஞ்ச நாள் ஊறி நிற்கும். கிளிஞ்சல் தூள் கலந்த வெள்ளை மணல். அதற்கும் கீழே ஏரி ஓரத்தில் தாழையும் உமரியும். இம்பூறலுக்கு அந்த நடு இடம்தான் பிடிக்கும். உப்புக் காற்று நேராக அடிக்கக் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது, வெயில் மட்டும் முழுசாக வேண்டும்.

"இங்கதான் கீது" என்று அவள் உட்கார்ந்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மணல், கொஞ்சம் புல்.

"எங்க?"

"நீ மிதிச்சுகினு நிக்கற."

காலை எடுத்துப் பார்த்தேன். தரையோடு தரையாக, மெல்லிய தண்டும் ஊசி இலையுமாகப் பரந்திருந்தது ஒரு செடி. பூ இருக்கிறது என்றாள். குனிய முடியாததால் கோலைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தேன். மடங்காத காலை நீட்டிக்கொண்டு முகத்தைக் கீழே கொண்டுபோனபோதுதான் தெரிந்தது. நொய்யரிசி அளவு வெள்ளைப் பூ. நான்கு இதழ். ஒவ்வொரு காம்பிலும் ஒரு கொத்து. அப்படியே பக்கவாட்டில் பார்த்தால் பள்ளம் முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. நின்றுகொண்டு பார்த்தால் மணல், உட்கார்ந்து பார்த்தால் பூ. நான் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

"இன்னாயா, கால் வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல. பாக்கறேன்."

அவளும் பக்கத்தில் கன்னத்தைச் சாய்த்துப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து எவ்வளவு நாளாகியிருந்தது.

வேர் எடுப்பது லேசு இல்லை. மேலே ஒரு சாண்கூட இல்லாத செடிக்குக் கீழே முழ நீளத்துக்கு ஒற்றை வேர், நூல் கனத்தில் நேராக இறங்கும். பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். கோலைப் பக்கத்தில் இறக்கி, மணலை நெகிழ்த்தி, விரலால் தடவிக்கொண்டே போய் நுனிவரை எடுக்க வேண்டும். வெளியே வரும்போது மஞ்சளாக இருக்கும். தோலில்தான் சிவப்பு ஒளிந்திருக்கிறது என்றாள். ஒரு மழை மட்டும் பார்த்த செடியைத் தொடக் கூடாது. இரண்டு மழை பார்த்திருக்க வேண்டும். எப்படித் தெரியும் என்றால், அடித்தண்டு கட்டைபோல் ஆகியிருக்கும். காய் முற்றிய செடியாக இருந்தால் தோண்டிய குழியிலேயே காயைக் கசக்கித் தூவி, மணலைத் தள்ளி மூடிவிட்டுத்தான் நகர்வாள். விதை தூசி மாதிரி இருக்கும். எனக்குக் கால் மடங்காததால் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து தோண்டினேன். குந்தி உட்கார்கிறவர்களைவிட எனக்கு அது வாகாக இருந்தது. ஒரு மாதத்தில் அவளுக்குச் சமமாக எடுக்க ஆரம்பித்தேன். குப்பத்தில் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் மறந்துவிட்டார்கள்.

ஒருநாள் வடக்கே கொஞ்சம் தூரம் போனோம். ஒற்றைப் பனை நிற்கும் மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம். வேறெங்கும் பார்க்காத அளவுக்கு அங்கே இம்பூறல் அடர்ந்து பூத்திருந்தது. நான் கூடையை இறக்கினேன். அவள் நிற்கவில்லை, நடந்துகொண்டே இருந்தாள்.

"இங்க இவ்ளோ கீதே. அதை வுட்டுட்டு எங்க போற?"

அவள் திரும்பாமலே நின்றாள். "இங்க வாணாம்" என்றாள்.

"ஏன்?"

"இங்கதான்."

எனக்கு அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. கோலைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். ஒன்றரை வருஷமாக எந்த இடத்துக்குப் பயந்து கடலில் ஒளிந்தேனோ, அந்த இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தேனீ பறந்துகொண்டிருந்தது. பயப்பட ஒன்றுமே இல்லாத இடமாக இருந்தது.

பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"தெக்கால. வூட்டைப் பாத்து."

அவளே மேலும் சொன்னாள். "அன்னிக்கு இங்க ஒண்ணும் இல்ல. வெறும் மணலு. நானும் அக்காவும் தோண்டி மூடினோம். அந்த மழைக்கு வந்து பாத்தா மொளைச்சு கீது. நான் வெதைக்கல. என் சேலையில ஒட்டிகினு இருந்ததோ இன்னாவோ. கெளறிவுட்ட மணல்னா அதுக்குப் புடிக்கும்."

"நீ அடிக்கடி வருவியா?"

"வேருக்கு வரப்பெல்லாம் வருவேன். பூ இருந்தா கொஞ்ச நேரம் குந்திகினு போவேன்."

"என்னைக் கூப்ட்டிருக்கலாம்ல?"

"நீ கேக்கல" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் அப்போதுதான் அழுதேன். அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, தாடியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். அதன்பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இருவரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவோம். வீட்டில் பேச்சும் வந்தது. சோற்றில் உப்பு கூடிவிட்டது என்று நான் சொல்ல, அப்படியானால் நாளைக்கு நீயே ஆக்கு என்று அவள் சொல்லுமளவுக்கு வந்தது.

குழந்தை போனதற்குப்பின் மூன்றாவது மழை அவ்வளவாகப் பெய்யவில்லை. செடி குறைவாக முளைத்தது. அந்த வருஷம் பார்த்துக் கப்பல்காரர்கள் சிவப்புத் துணி முன்னைவிட அதிகமாகக் கேட்டார்கள் என்று கடைத்தெருவில் பேச்சு. சாயக்காரர்கள் வேர் வேர் என்று பறந்தார்கள். ஏரிக்கு மேற்கே ஆரம்பாக்கத்துப் பக்கமிருந்து தெலுங்கு பேசுகிற சனங்கள் படகு பிடித்து எங்கள் திட்டுக்கு வந்து இறங்கினார்கள். அவர்கள் பக்கம் பயிர் காய்ந்துபோயிருந்தது. நாங்கள் யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. திட்டு யார் பாட்டன் சொத்தும் இல்லை. ஆனால் அவர்கள் ஒரு மழைச் செடி, இரண்டு மழைச் செடி என்று பார்க்காமல் தோண்டினார்கள். பசித்தவர்களிடம் அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

ஒருநாள் அவள் வீட்டில் வேரைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் போனேன். பனை மேட்டில் ஏறியதும் பள்ளத்தில் ஒரு பெண் குந்தியிருப்பது தெரிந்தது. முதுகில் துணியால் ஒரு குழந்தையைக் கட்டியிருந்தாள். பக்கத்தில் புதிதாகத் தோண்டிய வேர், ஒரு பிடி கனத்துக்குக் கட்டாகக் கிடந்தது.

கோலை ஓங்கிக்கொண்டு கத்தியபடி சரிவில் இறங்கினேன். மடங்காத கால் மணலில் வழுக்கி, பாதி தூரம் உருண்டுதான் போனேன். அவள் பயந்து எழுந்து, குழந்தையை முன்பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். வாயில் மணல். அவள் தெலுங்கில் ஏதோ சொன்னாள். தோண்டக் கூடாத இடமா என்று கேட்டிருப்பாள். நான் கற்றிருந்த தெலுங்கெல்லாம் மீனும் காற்றும்தான்.

கோலைக் கீழே போட்டேன். மணலைக் காட்டினேன். "பாப்பா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

இரண்டு கையையும் விரித்து, இவ்வளவு என்று நீளம் காட்டினேன். "என் பாப்பா" என்றேன். செத்துப்போன பிறகு அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பாப்பா?" என்று அவளும் கேட்டாள். அவர்கள் பேச்சிலும் அதே சொல்தான். பிறகு தன் கையில் இருந்த குழந்தையைப் பார்த்தாள், மணலைப் பார்த்தாள். "அய்யோ, தல்லி" என்று மெதுவாகச் சொன்னாள், நாம் பெண் குழந்தையை அம்மா என்று கொஞ்சுவதுபோல.

குழந்தையை என் பக்கத்தில் மணலில் உட்காரவைத்தாள். யோசிக்கவே இல்லை, ஒரு நிமிஷத்துக்கு முன் கோல் ஓங்கி வந்தவனிடம் குழந்தையை விட்டுவிட்டாள். தான் தோண்டிய குழிகளை ஒவ்வொன்றாக இரு கையாலும் மணல் தள்ளி மூடினாள். எல்லாம் ஓரத்தில்தான், ஆழமும் இல்லை. மூடிய இடத்தை உள்ளங்கையால் தட்டினாள், தூங்குகிற பிள்ளையைத் தட்டுவதுபோல. அவள் குழந்தை என் கோலைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. ஆண் குழந்தை. பல் முளைக்கும் வயசு.

போகும்போது தோண்டிய வேரைக் கட்டோடு என் மடியில் வைத்தாள். வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்று கையை ஆட்டினேன். அவள் தலையை அசைத்து மறுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்தபோது பள்ளத்தைச் சுற்றிப் அடையாளத்துக்குப் பனைமட்டைத் துண்டுகளை நட்டு வைத்திருந்தார்கள். அவர்கள் ஆட்கள் அந்தப் பக்கம் அப்புறம் வரவே இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததுமே அந்த வேரைப் பெண்டாட்டியிடம் கொடுத்து நடந்ததைச் சொல்லியிருந்தேன். அவள் முகர்ந்து பார்த்தாள். மற்ற வேரோடு சேர்க்கவில்லை. கூரைக் கழியில் தனியாகத் தொங்கவிட்டாள். பத்துப் பதினைந்து நாள் அது அங்கேயே தொங்கிற்று. சாயக்காரருக்குப் போடவும் மனசில்லை, தூக்கி எறியவும் மனசில்லை. ஒருநாள் காலையில் அவளே, "இதுல ஒரு துணி தோய்ச்சுக்கலாமா?" என்று கேட்டாள்.

நான் பெட்டியிலிருந்து என் தலைத்துணியை எடுத்தேன். சலங்குக்குப் போகும்போதெல்லாம் மூட்டைக்குக் கீழே தலையில் சுற்றிக்கொள்வது. நல்ல கெட்டி நூல், வெளுத்து வைத்திருந்தது. "இது இனிமே எனக்கு எதுக்கு?" என்றேன். அவள் அதை வாங்கி இரண்டு தடவை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

சாயக்காரர் எங்களிடம் வருஷக்கணக்காக வேர் வாங்குகிறவர். கண் சரியாகத் தெரியாது. வேரை நகத்தால் கீறி, நாக்கில் வைத்துத்தான் தரம் சொல்வார். நாங்கள் கேட்டதும் சிரித்தார்.

"ஒரு பிடி வேருக்கும் ஒரு தலைத்துணிக்கும் தனியா ஒரு பானையா? என் பானையில நாப்பது துணி வேகும்மா. அதுல உன்னுதையும் போட்டுடறேன், போ."

"மத்த வேரோட கலக்கக் கூடாதுங்க."

"ஏன்?"

அவள் சொன்னாள். நான் நினைத்ததைவிடத் தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சாயக்காரர் அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில் ஒரு வேரை எடுத்துக் கீறப் போனவர், கீறாமல் திரும்பக் கட்டிலேயே வைத்துவிட்டார்.

"கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் ஊற மூணு நாள். அப்புறம் படிகாரம். வேர் இடிச்சுக் காய்ச்சறது, அலசறது, வெயில்ல போடறது. அடுத்த வெள்ளிக்கிழமை தாண்டி வாங்க" என்றார். "வேரை இடிக்கறதை மட்டும் நீ வந்து இடிச்சுட்டுப் போ தாயி. என் ஆளுங்க கை போட வாணாம்."

அவள் போய் இடித்தாள். நான் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் கொடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கோட்டைக்குப் போகிற துணிகள். கறுப்புக் கோடு போட்ட கொடியும் பூவும், அதற்குள் சிவப்பு. உலக்கை விழும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரே ஒரு தடவை நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

அவர் சொன்ன நாளில் போனோம். துணியை மடித்து வைத்திருந்தார். வாங்கி விரித்துப் பார்த்தேன். நான் சுமந்த மூட்டைகளில் பார்த்த சிவப்பு இல்லை அது. கொஞ்சம் ஆழம் கூடியது. நெருப்பு அணைந்தபின் கங்கு உள்ளே இருக்குமே, அந்த மாதிரி.

"மூணு மழை பாத்த வேரு" என்றார் சாயக்காரர். "அதான் இப்படி. தொவைக்கத் தொவைக்க இன்னும் நெறம் எடுக்கும். பயப்படாம கட்டு."

திரும்பும்போது படகில் வேறு யாரும் இல்லை. படகுக்காரன் முகத்துவாரத்துக்குத் தெற்கே ஏதோ ஊரிலிருந்து புதிதாக வந்தவன். எங்களைத் தெரியாது. ஏரி அசையாமல் கிடந்தது. வெயில் ஏறியதும் அவள் துணியைப் பிரித்துத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டாள். படகுக்காரன் இரண்டு தடவை பார்த்துவிட்டு மூன்றாம் தடவை கேட்டே விட்டான்.

"அக்கா, நல்ல செவப்பா கீதே. எங்க வாங்கினீங்க?"

"வாங்கல" என்றாள். "எங்க பொண்ணு குடுத்தது."

நான் அவளைப் பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் துணியின் நிறம் விழுந்திருந்தது.

"பொண்ணை எங்க கட்டிக் குடுத்திருக்கீங்க?"

"கிட்டதான். பனை மேட்டுக்கு அந்தாண்ட."

"கிட்ட இருந்தா நல்லதுதான் அக்கா. நெனைச்சா போய்ப் பாத்துக்கலாம்" என்றான் அவன்.

"ஆமா" என்றேன் நான். "பாத்துக்கலாம்."

அவன் கோலை ஊன்றித் தள்ளினான். எங்கள் கரை வந்தது. அவள் முதலில் இறங்கி, முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டு எனக்குத் தோளைக் கொடுத்தாள். நான் அதில் கை வைத்து இறங்கினேன். துணி வெயிலில் சூடாக இருந்தது. கரையேறி நடந்தோம், அவள் என் நடைக்கு மெதுவாக.